ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கைப்பிடி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம், உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நான் கேட்கப்போவதில்லை. போனில் கேட்டால் நல்லா இருக்கேம்மா என்று ஒரே பதில்தான் வருகிறது, அதையும் எங்கேயோ வேகமாக நடந்துகொண்டே சொல்கிறாய், மூச்சு வாங்குவது எனக்குக் கேட்கிறது. ஆகையால் நீயே ஒரு நாள் உட்கார்ந்து, நல்லா இருக்கிறாயா இல்லையா என்று யோசித்து, நாலு வரி எழுது. இன்று செவ்வாய், எனக்கு வார விடுமுறை. அப்பாவைக் கால் பயிற்சிக்கு உன் தம்பி கூட்டிக்கொண்டு போயிருக்கிறான், திரும்பி வர இரண்டு மணி நேரமாவது ஆகும். சமையலறை மேஜையைத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, பிறகுதான் இந்தத் தாளை எடுத்தேன். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நீ ஹாஸ்டலில் இருந்தபோது என்று நினைக்கிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது, கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பாவின் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, இங்கே ஒன்றுமே மிச்சமில்லை பாருங்கள் என்றார், எனக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கால், கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்தது என்று அப்பா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார், என்னமோ பதக்கம் வாங்கிய மாதிரி. மாடிப்படி ஏற முடியவில்லை, குளிக்கப் போனால் நான் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் செலவு முழுக்க என் வேலையில் கொடுத்த மருத்துவ அட்டையில்தான். நான் வேலையில் இருக்கிற வரைக்கும்தான் அந்த அட்டை செல்லும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. உன் தம்பி போன் ரிப்பேர் கடையில் ஊரார் போனையெல்லாம் சரிசெய்கிறான், நான் கூப்பிட்டால் மட்டும் அவன் போன் அடித்துக்கொண்டே கிடக்கிறது. குளியலறைக் கூரையில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு மேல்வீட்டுக் கோளாறு என்கிறார், மேல்வீட்டுக்காரி உங்கள் கூரை உங்கள் பாடு என்கிறாள், நடுவில் நான் வாளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். நான் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பார், ஆபரேஷனுக்கு முன்னால் அவர் மனசில் இன்னொரு பாரத்தை ஏற்ற எனக்கு இஷ்டமில்லை. நீயும் ஒரு மீட்டிங்குக்கும் இன்னொரு மீட்டிங்குக்கும் நடுவில் ஐந்து நிமிஷம்தான் கொடுப்பாய்.

தியேட்டரைப் பற்றித்தான். உன் கம்பெனி எங்கள் தியேட்டரை வாங்கி இந்த மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நீ போன் செய்து, இனிமேல் நாம் இரண்டு பேரும் ஒரே கம்பெனி அம்மா என்று சிரித்தாய். அடுத்த நிமிஷமே குரலை மாற்றி, நான் தலைமை அலுவலகத்தில் இருக்கிறேன் என்று அங்கே யாரிடமும் சொல்லாதே, தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்றாய். நான் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் அப்பாதான் வீட்டுக்குள் உன்னை நம்ம முதலாளியம்மா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இருபத்துமூன்று வருஷமாக அந்தத் தின்பண்டக் கவுன்டருக்குப் பின்னால் நின்றவள் பெண், தின்பண்டப் பிரிவுக்கே பெரிய ஆளாக இருக்கிறாள் என்றால் சும்மாவா.

நீ மேலே இருந்து பார்ப்பது எப்படியோ தெரியாது, கவுன்டருக்குப் பின்னால் இருந்து பார்க்கிறதை எழுதுகிறேன். முதலில் பாப்கார்ன் பொரிக்கிற மெஷினை நாலு பேர் வந்து தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் சாவி மட்டும் என் பையிலேயே தங்கிவிட்டது, கேட்பார் யாருமில்லை. இப்போது பாப்கார்ன் எங்கேயோ பொரித்து, இடுப்பளவு உயர பிளாஸ்டிக் மூட்டைகளில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து இறங்குகிறது. அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொட்டி, மேலே ஒரு மஞ்சள் பல்பைப் போட்டுச் சூடு காட்டுகிறோம். உப்புச் சப்பில்லாமல், ஈரத்துணியை மென்ற மாதிரி இருக்கிறது. எதுவும் பொரிப்பதில்லை என்றால் வாசனை எப்படி வரும், அதற்கும் ஒரு வழி பண்ணியிருக்கிறீர்கள். வாசல் கதவுக்கு மேலே ஒரு டப்பியை மாட்டி, கால் மணிக்கு ஒரு தடவை அது புஸ் என்று வெண்ணெய் வாசனையைத் துப்புகிறது. அது துப்பும்போதெல்லாம் டிக்கெட் கிழிக்கிற அண்ணன் தும்முகிறார். இரண்டு வருஷத்தில் மனுஷன் எத்தனை தும்மியிருப்பார் என்று யோசித்தாலே எனக்கு மூக்கு அரிக்கிறது. குளிர்பானக் குவளையில் முக்கால்வாசி ஐஸ். சாண்ட்விச் ரொட்டியின் ஓரம் அட்டை மாதிரி வளைந்துகொள்கிறது. சீஸ் என்று ஒரு மஞ்சள் குழம்பு இருக்கிறது, இடைவேளைக்குள் அதன்மேல் தோல் படர்ந்துவிடும், கரண்டியால் விலக்கிவிட்டு ஊற்றுவோம். புதிதாக வந்த பாப்கார்ன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு உள்ளே ஏற்றி வைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் பழைய டப்பா உயரம்தான். யார் யோசித்ததோ, கெட்டிக்காரர்.

விலையைக் கேட்டால் யானை விலை குதிரை விலை. டிக்கெட்டை விடப் பாப்கார்ன் அதிகம். சின்னது என்பதே இப்போது இல்லை, சின்னதற்கு ரெகுலர் என்று பேர் வைத்தாகிவிட்டது. எது வாங்கினாலும், இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பெரியது கிடைக்கும், எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டே ஆகவேண்டும். போன வாரம் அப்பா இன்னொரு வாய் காபி கேட்டார், நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே அந்த வரியை அப்படியே ஒப்பித்தேன், அவர் காபியை மறந்துவிட்டுச் சிரித்தார். கவுன்டரில் யாரும் சிரிப்பதில்லை. இந்த விலைக்கு இதைத் தின்னத் தரியே, உனக்கே நியாயமா இருக்கா என்று என்னைத்தான் கேட்கிறார்கள். விலை வைத்தவரை அவர்கள் எங்கே பார்த்தார்கள், பார்ப்பது என் முகத்தைத்தானே. முதலில் பதில் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் மன்னிக்கணும் என்று சொல்லப் பழகினேன், இப்போது அடுத்த டப்பாவை எடுக்கத் திரும்பிவிடுகிறேன். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒரு நாள் மத்தியான ஆட்டத்துக்கு ஒருவர் மூன்று பிள்ளைகளோடு வந்தார். வரிசை நகர நகர விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில் கேட்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் குனிந்து, பாப்கார்ன் இன்றைக்குத் தீர்ந்துவிட்டதாம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆமாம் கண்ணு, தீர்ந்துபோச்சு என்று நானும் சொன்னேன், எனக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி நிறையப் பாப்கார்ன் மஞ்சள் வெளிச்சத்தில் கிடந்தது. கடைக்குட்டி அந்தப் பெட்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை, தலைவலி என்று அப்பாவிடம் சொல்லிப் படுத்துவிட்டேன்.

தையல்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை பகல் ஆட்டத்துக்குத் தனியாக வருவாரே, உன் பள்ளிக்கூடப் பை கிழிந்தபோது காசு வாங்காமல் தைத்துக் கொடுத்தாரே, அவர்தான். இன்னும் வருகிறார். விலை ஏறியதும் கவுன்டர் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். வெளித் தின்பண்டம் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள் அல்லவா, அவர் என்ன செய்தார் தெரியுமா, தன் சட்டைக்கு உள்பக்கமாக ஒரு நீளப் பையைத் தைத்துக்கொண்டு அதில் வறுத்த கடலையைப் போட்டுக்கொண்டு வந்தார். காவலாளி அவருடைய கைப்பையைக் குடைந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை போங்கள் என்பார். இவர் என்னைத் தாண்டிப் போகும்போது சட்டையை லேசாகத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார். எட்டு மாதம் இப்படி ஓடியது.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குப் பயிற்சி என்று கம்பெனியில் இருந்து ஒரு வீடியோ வந்தது. மேனேஜர் எங்கள் ஆறு பேரையும் அலுவலக அறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். கையுறை போடுவது, சிரிப்பது, அந்தப் பெரியது கேட்கிற வரி, எல்லாம் வந்தது. பிறகு டப்பாவை நிரப்புகிற விதம் வந்தது. பாப்கார்னை மேலே இருந்து தளர்வாகக் கொட்ட வேண்டும், டப்பாவைக் குலுக்கவோ மேஜையில் தட்டவோ கூடாது என்று ஒரு குரல் சொன்னது. கீழே எழுத்தும் ஓடியது. ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கைப்பிடி வீண் என்று.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற ஐந்து பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் உன்னுடையது இல்லை, யாரோ படிக்கிற குரல். ஆனால் அந்த வரி உன்னுடையது. பழைய முதலாளி என்னை வேலைக்கு எடுத்த முதல் நாளே சொன்னது, டப்பாவை இரண்டு தட்டுத் தட்டி நிரப்பு, கொஞ்சம் இறங்கும், மேலே இன்னும் போடு, வாங்கினவருக்குக் கை நிறையட்டும் என்று. அன்றில் இருந்து என் கை அதைத்தான் செய்கிறது. நீ பள்ளி விட்டு வந்து, கவுன்டருக்கு அடியில் சோளத் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். உன் தலைக்கு மேலேதான் நான் தட்டுவேன். ஒரு நாள் நீ இரண்டு டப்பா கேட்டாய். ஒன்றைத் தட்டாமல் நிரப்பச் சொன்னாய், இன்னொன்றைத் தட்டி நிரப்பச் சொன்னாய். இரண்டையும் காகிதத்தில் கொட்டிக் கைப்பிடி கைப்பிடியாக எண்ணினாய். முதலாளி வந்து பார்த்துச் சிரித்துவிட்டு இரண்டு டப்பாவையும் உனக்கே கொடுத்துவிட்டார். உனக்கு அப்போது பத்து வயது. அதை நீ கணக்கு நோட்டில் எழுதி வைத்தாய். தலைமை அலுவலகத்தில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற யாருக்கும் இது தோன்றியிருக்காது. தட்டினால் எவ்வளவு இறங்கும் என்பது கவுன்டருக்கு அடியில் உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். தட்டக் கூடாது என்றால் தட்டாமல் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் இருபத்துமூன்று வருஷம் பழகிய கை, நான் சொன்னால் கேட்கவா போகிறது. கம்பெனியில் இருந்து சாதாரண ஆள் மாதிரி வந்து வாங்கிப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுகிறவர்களை அனுப்புகிறீர்களே, நாங்கள் அவர்களை மாறுவேஷம் என்போம். முதல் மாறுவேஷத்திடம் தட்டிவிட்டேன், ஒரு கரும்புள்ளி வந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று. மேனேஜர் நல்ல பையன், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மூணாவது வந்தா என் கையில ஒண்ணும் இல்லக்கா, தயவு செஞ்சு தட்டாதீங்க என்று கெஞ்சினான். மூன்று கரும்புள்ளி விழுந்தால் வேலை போய்விடும், அது உனக்கே தெரியும். வேலை போனால் மருத்துவ அட்டை போகும், அட்டை போனால் அப்பாவின் ஆபரேஷன் போகும். அப்புறம் நான் என்னென்னமோ செய்து பார்த்தேன். டப்பாவை இடது கையில் பிடித்தேன், இடது கையும் தட்டியது. கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன், கை எழும்பும்போது அது கண்ணில் படும் என்று. டிக்கெட் கிழிக்கிற அண்ணன் என்னக்கா அடிபட்டுவிட்டதா என்று கேட்டார், சுளுக்கு என்று சொல்லிவைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். சொல்ல வாய் வரவில்லை. உன் அம்மாவைக் காப்பாற்றினாய் என்று நாளைக்கு உன்னைப் பார்த்து யாரும் விரல் நீட்டக் கூடாது என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த வரியைப் பார்த்ததில் இருந்து உன்னிடம் எதையும் கேட்கப் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை.

மூன்றாவது மாறுவேஷம் ஒரு வெள்ளிக்கிழமை பகல் வந்தது. எங்களுக்கு இப்போது அடையாளம் தெரியும். காசு கொடுக்கும் முன்னாலேயே ரசீது கேட்பார்கள், கடிகாரம் பார்ப்பார்கள், நம் நெஞ்சில் குத்தியிருக்கிற அட்டையைப் படிப்பார்கள். அட்டையில் முன்பு பேர் இருந்தது, இப்போது பேர் வேண்டாம் ஊழியர் எண் போதும் என்று மாற்றிவிட்டீர்கள். வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், தோளில் பை. அந்தப் பைக்குள் சின்னத் தராசு இருக்கும், வாங்கினதை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நிறுத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் வலது கையை முதுகுப் பக்கம் ஏப்ரன் நாடாவுக்குள் செருகிக்கொண்டேன், நம்பினால் நம்பு. டப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே நிறுத்திவைத்து, இடது கையால் மட்டும் அள்ளி, தளர்வாகக் கொட்டி, அந்தப் பெரியது வரியையும் ஒப்பித்து, சிரித்துக் கொடுத்தேன். டப்பா மேஜையைத் தொடவே இல்லை. அவள் வாங்கிக்கொண்டு போய்விடவில்லை, பக்கத்தில் காகிதத் துண்டு வைத்திருக்கிற இடத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் அடுத்த ஆள் யார் என்று பார்த்தால் தையல்காரர். அவருக்குப் பல் இரண்டு பிடுங்கிவிட்டார்களாம், கடலையைக் கடிக்க முடியவில்லை, அதனால் எட்டு மாதம் கழித்து என் வரிசைக்கு வந்திருக்கிறார். இருக்கிறதிலேயே சின்னது கொடும்மா என்றார். கையில் நோட்டை எண்ணி மடித்து வைத்திருந்தார். நான் அவருக்கும் அப்படியே தளர்வாகக் கொட்டி, டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா, தட்டலையே?" என்றார்.

"இப்பல்லாம் தட்டறதில்லைங்க" என்றேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் போயிருந்த என் கையைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், மற்றவர்கள் மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். "சரி விடும்மா. உன் கையா இருந்தா நீ தட்டியிருப்பே" என்று சொல்லிவிட்டு, டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருட்டுக்குள் போய்விட்டார். அந்த மாறுவேஷம் ஏதோ எழுதிக்கொண்டாள். அதன் பிறகு வந்தவர்களுக்கு நான் எப்படி நிரப்பினேன், என்ன கொடுத்தேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்தில் இருந்து ஒரு பெரிய உறை வந்தது. பாராட்டுச் சான்றிதழ். நூற்றுக்கு நூறு. டப்பா நிரப்பும் முறையில் சிறந்த ஒழுங்கு என்று தனியாக ஒரு வரி. மேனேஜர் சந்தோஷம் தாங்காமல் அதைச் சட்டம் போட்டு வாசனை டப்பிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான், பழைய இரண்டு கரும்புள்ளியில் ஒன்று அழிந்துவிடும் அக்கா என்றான். டிக்கெட் கிழிக்கிற அண்ணன் எப்போது விருந்து என்று கேட்டுவிட்டுத் தும்மினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கிட்டே போய்ப் படித்தேன். பேர் இல்லை, என் ஊழியர் எண்தான் இருந்தது. கீழே கையெழுத்து. கடைசி எழுத்தை நீளமாக இழுத்து அதன்மேல் இரண்டு புள்ளி வைப்பாயே, அது. அச்சடித்தது இல்லை, பேனாவால் போட்டது, மை கொஞ்சம் இழுபட்டிருந்தது. அன்றைக்கு இந்த மாதிரி எத்தனை தாள் உன் முன்னால் வந்ததோ, வேகமாகப் போட்டிருக்கிறாய். எண்ணை நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது, என் எண் என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் அது. என் பெண் கையெழுத்துப் போட்டு எனக்கு வந்திருக்கிறது. அதை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அப்பாவுக்குத் தெரியாது. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் கோபத்தைவிட அசதிதான் அதிகம், காலையில் எழுந்து யூனிஃபார்ம் போடும்போதே உடம்பு வேண்டாம் என்கிறது. நீ கெட்டவள் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று கேட்டிருப்பார்கள், உனக்குத் தெரிந்ததை நீ சொல்லியிருப்பாய், சொன்னதும் நல்லது என்று முதுகில் தட்டியிருப்பார்கள். உனக்கும் அங்கே ஒண்டியாக நிலைத்து நிற்க வேண்டும், எனக்குத் தெரியாதா. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த வரியை எழுதும்போது அந்தச் சோளத் தகரமும் நானும் உன் நினைப்பில் இருந்தோமா, இல்லை எங்கே கற்றுக்கொண்டோம் என்பதே உனக்கு மறந்துபோயிருந்ததா. இரண்டில் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது. எது எனக்கு அதிகம் வலிக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

இத்துடன் உன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் இருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன். அலமாரிக்கு மேலே அட்டைப் பெட்டியில் இருந்தது, கரப்பான் ஓரத்தைக் கொஞ்சம் தின்றிருக்கிறது, எழுத்து நன்றாகத் தெரிகிறது. இரண்டு டப்பா வரைந்திருக்கிறாய், ஒன்றில் என் கையையும் வரைந்திருக்கிறாய், ஆறு விரல் போட்டிருக்கிறாய். கீழே பென்சிலால், ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கைப்பிடி கூடுதல், அதனால் அம்மா எல்லாருக்கும் இரண்டு தட்டுத் தட்டுவார் என்று எழுதியிருக்கிறாய். கூடுதல் என்று நீ எழுதிய இடத்தில்தான் இப்போது வீண் என்று வருகிறது. மற்றபடி அதே வரிதான்.

எனக்காக யாரிடமும் பேசாதே, விதியை மாற்று என்றும் நான் கேட்கவில்லை. மாற்றினால் நல்லது, அது உன் பாடு. வேலையை விட்டுவிடு நான் பணம் அனுப்புகிறேன் என்று மட்டும் போன் செய்து சொல்லாதே, அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நான் இப்படிச் செய்வதாக இருக்கிறேன். ஆபரேஷன் வரைக்கும் கையை நாடாவுக்குள் செருகிக்கொண்டு ஓட்டிவிடுவேன். அப்பா எழுந்து தானாகக் குளியலறைக்குப் போகட்டும். அதற்குப் பிறகு வரிசையில் யார் வந்தாலும் முன்போல இரண்டு தட்டுத் தட்டித்தான் கொடுக்கப்போகிறேன், மாறுவேஷம் வந்தாலும் சரி, தையல்காரர் வந்தாலும் சரி. அது உன் மேஜைக்குக் கரும்புள்ளியாகத்தான் வந்து சேரும். வந்தால் நீ தயங்க வேண்டாம், முறைப்படி கையெழுத்துப் போடு. ஆனால் அந்தத் தடவை எண்ணைப் பார்த்துவிட்டுப் போடு.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறது, அப்பாதான் போலிருக்கிறது, முடிக்கிறேன். அவர் போனில் கேட்டால் குழாய்க்காரர் பற்றி எழுதியிருந்தேன் என்று சொல். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்க் காட்டு, தையல்காரர் மாதிரி ஆகிவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, நடந்துகொண்டே சாப்பிடாதே. நீ எங்கே இருந்தாலும் உன் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வரக் கூடாது, நாளுக்கு நாள் நீ மேலே போக வேண்டும், அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. நாலு வரி எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
இரண்டாம் கவுன்டர், ஊழியர் எண் 40716.